பனிக்குட நீர் எம்போலிசத்துக்குப் பல மருத்துவமனைப் பதிவேடு: எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வி இது: எட்டு மருத்துவமனைகள் சேர்ந்திருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 40,000 பிரசவம். பனிக்குட நீர் எம்போலிசத்துக்கு (ஏ.எஃப்.ஈ.; பனிக்குட நீர் தாயின் ரத்த ஓட்டத்தில் கலந்து இதயமும் சுவாசமும் திடீரென வீழும் அரிய நோய்) ஒரு பொதுப் பதிவேடு தொடங்க வேண்டும். எந்த மென்பொருள் வாங்குவது, படிவத்தில் எத்தனை கேள்விகள் வைப்பது?

மென்பொருளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போடுங்கள். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்லோவாக்கியா, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் தரவைச் சேர்த்து 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு லட்சம் பிரசவத்துக்கு 0.8 முதல் 1.8 வரை ஏ.எஃப்.ஈ. பதிவாகியிருந்தது. அந்த விகிதத்தில் உங்கள் 40,000 பிரசவத்துக்கு ஒன்றரை முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு கேஸ்தான் வரும். முப்பது கேஸ் சேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். உங்களிடம் பெரிய பரிந்துரை மருத்துவமனை இருந்தால் எண்ணிக்கை அதிகமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் எந்தப் பிரசவக் கூட்டத்திலிருந்து வந்தார்கள் என்று தெரியாததால் விகிதம் சொல்ல முடியாது.

எத்தனை கேஸ் போதும் என்பதையும் இப்போதே பாருங்கள். 50 பேரில் 10 பேர் இறந்தால் இறப்பு விகிதம் 20 சதவீதம். ஆனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 10-லிருந்து 34 வரை விரியும். 200 பேரில் 40 என்றால் 15 முதல் 26 வரை. முப்பது பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்றாலும் உண்மையான இறப்பு 10 சதவீதம் வரை இருக்கலாம் (மூன்றை எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதி). எந்த சிகிச்சை நல்லது என்று பல காரணிகளை வைத்துப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு காரணிக்கும் குறைந்தது பத்து இறப்பாவது வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள தோராய விதி. எட்டு மருத்துவமனைகளால் அது ஆகாது.

ஆகவே வழி மூன்று. ஒன்று, நாடு தழுவி விரிப்பது. இரண்டு, ஏற்கெனவே இயங்கும் அரிய மகப்பேறு நோய்க் கண்காணிப்பு அமைப்பு இருந்தால் அதில் சேர்வது. இத்தகைய தேசிய அமைப்புகள் 2010 முதல் ஐநாஸ் என்ற சர்வதேச வலையமைப்பாக இணைந்து ஒரே வரையறைகளைப் பயன்படுத்த முயல்கின்றன. மூன்றாவது வழியைத்தான் உங்களுக்குச் சொல்வேன்: நோயின் பெயரை வாசலில் வைக்காமல் நிகழ்வை வாசலில் வையுங்கள். 'கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரத்திலோ திடீரென இதயமோ சுவாசமோ வீழ்ந்த ஒவ்வொரு பெண்ணும்' என்று குடையை விரித்தால், மயக்க மருந்துச் சிக்கல், நுரையீரல் ரத்தக்கட்டி, பெரும் ரத்தப்போக்கு, அனஃபிலாக்ஸிஸ் (கடும் ஒவ்வாமை அதிர்ச்சி) எல்லாம் உள்ளே வரும். பிறகு அவற்றில் எது ஏ.எஃப்.ஈ. என்று பிரிக்கலாம். ஒப்பிட ஆளும் கிடைக்கும், தவறிப்போனவர்களும் குறைவார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஏ.எஃப்.ஈ. பதிவேட்டில் 46 கேஸ். தாய் இறப்பு 61 சதவீதம். பிரிட்டனின் அரிய மகப்பேறு நோய்க் கண்காணிப்பு அமைப்பான யூகாஸில் 2005 முதல் 2014 வரை 120 கேஸ். இறப்பு 19 சதவீதம். இடையில் தீவிர சிகிச்சை முன்னேறியது உண்மைதான். ஆனால் முதலாவது, மருத்துவர்கள் தாங்களாக அனுப்பிய கேஸ்களைக் கடுமையான நிபந்தனைகளால் வடித்தது. இரண்டாவது, நாட்டின் எல்லா மகப்பேறு மருத்துவமனைகளையும் மாதந்தோறும் கேட்டுத் திரட்டியது. அந்த இரண்டு எண்களுக்கு இடையிலான தூரத்தில் எவ்வளவு நோயைச் சேர்ந்தது, எவ்வளவு வாசலைச் சேர்ந்தது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் பதிவேடு இருபது ஆண்டு கழித்தும் அந்தப் பதிலைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

அடுத்தது வரையறை. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஏ.எஃப்.ஈ.யை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 2016-ல் ஆய்வு நோக்கத்துக்காக முன்வைக்கப்பட்ட அளவுகோல் நான்கையும் ஒருங்கே கேட்கிறது: திடீர் இதய-சுவாச நிறுத்தம், அல்லது சிஸ்டாலிக் அழுத்தம் 90-க்குக் கீழ் இறங்கியதோடு சுவாசத் தடுமாற்றம்; அதன்பின் தெளிவான டி.ஐ.சி. (உடல் முழுவதும் ரத்த உறைவு சீர்குலையும் நிலை); பிரசவ வலியின்போது அல்லது நஞ்சுக்கொடி வெளிவந்த 30 நிமிடத்துக்குள் தொடக்கம்; வலியின்போது 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இல்லாமை. டி.ஐ.சி.க்குப் புள்ளிக் கணக்கு உண்டு. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் 1, ஐம்பதாயிரத்துக்குக் கீழ் என்றால் 2, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 25 முதல் 50 சதவீதம் கூடியிருந்தால் 1, அதற்கு மேல் 2. ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்) குறைந்திருந்தால் 1. மொத்தம் 3 தொட்டால் டி.ஐ.சி.

ஐநாஸ் வரையறை வேறு மாதிரி. வலி, பிரசவம், பனிக்குடம் உடைதல் இவற்றில் ஒன்றுக்குப் பின் ஆறு மணி நேரத்துக்குள் திடீர் இதய-சுவாச வீழ்ச்சி. வேறு காரணம் புலப்படக் கூடாது. முதல் தாக்குதலைத் தாண்டிப் பிழைத்தவர்களிடம் ரத்த உறைவுக் கோளாறு தொடர்ந்திருக்க வேண்டும்.

'முதல் தாக்குதலைத் தாண்டிப் பிழைத்தவர்களிடம்' என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். ஒரு பெண் இருபதே நிமிடத்தில் இறந்துவிடுகிறார். ரத்த மாதிரி எடுக்கவே நேரமில்லை. நான்கும் வேண்டும் என்ற அளவுகோலில் அவர் கேஸ் ஆக மாட்டார். மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டவரையே அது வெளியே நிறுத்துகிறது. ஐநாஸ் அவரை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே தளர்வில் வேறு காரணத்தால் இறந்தவரும் நுழைய வாய்ப்பு உண்டு. எது சரி என்று இன்று சண்டை போட வேண்டாம். 'ஏ.எஃப்.ஈ.: ஆம் / இல்லை' என்ற கட்டத்தைப் படிவத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அளவுகோலின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக, நேரத்தோடும் அளவோடும் வாங்குங்கள். நாளை புது வரையறை வந்தாலும் பழைய கேஸ்களை அதன்படி மறுபடி பிரிக்க முடியும்.

பிரிக்கும் வேலையை அனுப்பிய மருத்துவரிடம் விடக் கூடாது. மகப்பேறு, மயக்கவியல், தீவிர சிகிச்சை, ரத்தவியல் ஆகிய துறைகளிலிருந்து ஒரு குழு வையுங்கள். ஒவ்வொரு கேஸையும் இருவர், மருத்துவமனைப் பெயரும் மற்றவர் கருத்தும் தெரியாமல் பார்த்து உறுதி, சாத்தியம், முடிவு செய்ய இயலாது, இல்லை என்று நான்கில் ஒன்றைச் சொல்லட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாமவர். இருவரின் உடன்பாட்டைக் காப்பா எண்ணாக (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்ட உடன்பாட்டு அளவு) கணக்கிட்டு ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். ஏ.எஃப்.ஈ. என்று நம்பி அனுப்பிய கேஸ்களில் கணிசமானவை கூர்ந்து பார்க்கும்போது பெரும் ரத்தப்போக்காகவோ வேறொன்றாகவோ முடிவது வழக்கம்.

இனி கேஸைக் கண்டுபிடிக்கும் வேலை. 'வந்தால் சொல்லுங்கள்' என்று விட்டுவிட்டால் முதல் ஆறு மாதம் வரும், பிறகு வற்றிவிடும். யூகாஸ் 2005 பிப்ரவரியில் தொடங்கியதிலிருந்து கடைப்பிடிக்கும் உத்தி எளிமையானது. மாதம் ஒரு முறை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கேள்வி போகும். 'இந்த மாதம் ஒன்றும் இல்லை' என்றாலும் அந்தக் கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பதில் வராததும் கேஸ் இல்லாததும் ஒன்றல்ல என்பதை அந்தச் சின்னக் கட்டம் காக்கிறது. பூஜ்ய அறிக்கை வராத மாதத்தின் பிரசவங்களை விகிதத்தின் பகுதியிலிருந்தும் (வகுக்கும் எண்ணிலிருந்தும்) கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால் விகிதம் பொய்யாகக் குறையும்.

அதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு மையத்திலும் காலாண்டுக்கு ஒரு முறை இந்தப் பட்டியல்களை ஒப்பிடுங்கள்: ஐ.சி.யு. சேர்க்கைப் பதிவு, ரத்த வங்கியில் பெருமளவு ரத்தம் கொடுத்த பட்டியல், அவசரக் கருப்பை அகற்றத்துக்கான அறுவை அரங்குப் பதிவு, இதய நிறுத்த அழைப்புப் பதிவு, தாய் இறப்புப் பதிவு, வெளியேற்றக் குறியீட்டில் ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலின் ஓ88.1 (ஏ.எஃப்.ஈ.க்கான குறியீடு). இவற்றில் ரத்த வங்கிப் பட்டியல்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். யாரும் நோயின் பெயர் எழுதத் தேவையில்லாமலே அங்கே பதிவு விழுந்துவிடுகிறது.

எவ்வளவு தவறவிட்டோம் என்றும் மதிப்பிடலாம். மாத அறிக்கையில் 20 கேஸ், பட்டியல் ஒப்பீட்டில் 15, இரண்டிலும் இருப்பவை 12 என்று வையுங்கள். கையில் இருப்பது 23. இருபதைப் பதினைந்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 25. அதாவது இரண்டு கேஸ் எந்தப் பட்டியலிலும் சிக்கவில்லை. இந்தக் கணக்கு இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. கடுமையான கேஸ் இரண்டிலும் விழும், இலேசானது இரண்டிலும் நழுவும் என்பதால் உண்மையில் தவறியது இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஒப்பீட்டுக்கு யூகாஸின் முறையைப் பின்பற்றலாம்: ஏ.எஃப்.ஈ. வந்த பெண்ணுக்கு நேர் முன்னால் அதே மருத்துவமனையில் பிரசவித்த இருவர். ஆள் தேர்வில் யாருடைய விருப்பமும் நுழையாது. விகிதத்தின் பகுதிக்காக மாதப் பிரசவ எண்ணிக்கையை வாங்கும்போது இரண்டை எழுதிக் கொடுங்கள்: எண்ண வேண்டியது தாய்களை, குழந்தைகளை அல்ல (இரட்டையரும் ஒரு பிரசவம்தான்), எத்தனை வாரத்துக்கு மேல் பிரசவம் என்று கணக்கு. ஒரு மையம் 22 வாரத்தையும் மற்றொன்று 28 வாரத்தையும் எல்லையாக வைத்தால் கூட்டுத்தொகைக்குப் பொருளே இல்லை.

இப்போது படிவம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 400 கேள்வி வைப்பார்கள்; மூன்றாவது கேஸிலிருந்து பாதி வெற்றாக வரும். எழுபது எண்பது கட்டாயக் கேள்விகளுக்குள் முடியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'இது எந்த அட்டவணையில் போகும்' என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள். ஒரே ஒரு திறந்த பெட்டியை மட்டும் கட்டாயம் வையுங்கள்: நடந்ததை நேர வரிசையில் சொந்த வார்த்தையில் எழுதும் பெட்டி. தரம் பிரிக்கும் குழுவுக்கு அதுதான் உயிர்.

சில கட்டங்கள் எப்போதும் கெட்டுப்போகும். கர்ப்ப வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். '36.5' என்று ஒருவர் எழுதுகிறார். அது 36 வாரம் 5 நாளா, முப்பத்தாறரை வாரமா? வாரத்துக்கு ஒரு கட்டம், நாளுக்கு 0 முதல் 6 வரை மட்டுமே ஏற்கும் இன்னொரு கட்டம் என்று பிரித்தால் தீர்ந்தது. ஃபைப்ரினோஜன் ஒரு ஆய்வகத்தில் லிட்டருக்கு கிராம், இன்னொன்றில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்; 2-ம் 200-ம் ஒரே அளவு. கிரியேட்டினினில் 88.4 மடங்கு வித்தியாசம் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வையுங்கள். மாற்றுவது கணினியின் வேலை, நர்ஸின் வேலை அல்ல. ரத்த இழப்பு அளந்ததா, கண்ணால் மதிப்பிட்டதா என்று தனியே கேளுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வெற்றிடத்துக்கும் வகை உண்டு. 'பரிசோதனை செய்யவில்லை', 'செய்தார்கள், முடிவு கேஸ் ஷீட்டில் இல்லை', 'பொருந்தாது', 'தெரியவில்லை' நான்கும் வேறு வேறு. ஏ.எஃப்.ஈ.யில் முதலாவதே ஒரு செய்தி: ரத்தம் எடுக்க முடியாத அளவுக்கு வேகமாக நடந்தது.

நேரம்தான் இந்த நோயில் எல்லாம். அழுத்தம் எப்போது இறங்கியது, குழந்தை எப்போது வெளிவந்தது, முதல் மாதிரி எப்போது எடுத்தது, முதல் ரத்தப்பை எப்போது ஏறியது என்ற வரிசைதான் ஏ.எஃப்.ஈ.யையும் ரத்தப்போக்கையும் பிரிக்கிறது. 10:42-க்கு அழுத்தம் வீழ்ந்து 11:20-க்கு மாதிரி எடுத்தால், இடையில் இரண்டு லிட்டர் திரவம் போயிருந்தால், குறைந்த ஃபைப்ரினோஜனில் ஒரு பங்கு நீர்த்துப்போனதால் வந்தது. மாதிரி நேரம் இல்லாத ஃபைப்ரினோஜன் எண்ணுக்கு மதிப்பு மிகக் குறைவு. இன்னொரு சிக்கல்: சி.டி.ஜி. (குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் கருவி) தாளில் அச்சாகும் நேரம், மானிட்டரின் நேரம், சுவர்க் கடிகாரம், மயக்கவியல் குறிப்பில் எழுதிய நேரம் நான்கும் ஒத்துப்போவது அரிது. ஐந்து நிமிட வித்தியாசத்தில் 'பிரசவத்துக்கு முன்' என்பது 'பின்' என்று புரண்டுவிடும். ஒவ்வொரு நேரத்துக்கும் எந்தக் கடிகாரத்திலிருந்து எடுத்தது என்ற கட்டத்தை வையுங்கள். எல்லா மையத்திலும் மாதம் ஒரு முறை நான்கையும் ஒத்துப் பார்த்து வித்தியாசத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் பத்துப் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, இருவர் தனித்தனியே படிவத்தை நிரப்பட்டும். எங்கே இருவரும் வேறு எழுதினார்களோ அங்கே கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். அதைத் திருத்திவிட்டுத் தரவு அகராதியைப் பூட்டுங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பு எண்ணும் தேதியும் வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும், மையங்களுக்கு இடையிலான தரவு ஒப்பந்தத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். இறந்தவர், நினைவு திரும்பாதவர், பிழைத்தவர், குழந்தை ஆகிய நால்வருக்கும் ஒப்புதல் எப்படி என்று தனித்தனியே எழுத வேண்டும். ஒப்புதல் தந்தவர்களை மட்டும் சேர்த்தால் இறந்தவர்களும் மூளை பாதிக்கப்பட்டவர்களும் கழன்றுபோவார்கள். இதை நெறிமுறைக் குழுவிடம் வெளிப்படையாக விளக்கி, முதல்கட்ட மருத்துவத் தகவலுக்கு ஒப்புதல் விலக்கு கேட்பதுண்டு. சுகாதாரத் தரவுத்தளங்களுக்கு உலக மருத்துவச் சங்கத்தின் தைப்பே பிரகடனம் இருக்கிறது (2002-ல் ஏற்று 2016-ல் திருத்தியது). அதை ஒட்டி எழுதினால் குழுவுடன் பேசுவது எளிது.

அரிய நோயில் பெயரை நீக்கினால் போதாது. மருத்துவமனை, மாதம், வயது மூன்றும் சேர்ந்தாலே ஊரில் யாரென்று தெரிந்துவிடும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கட்டும். எல்லா மையங்களும் சேர்ந்த பொதுத் தரவில் ஒருவரின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாட்களால் நகர்த்திவிடலாம், இடைவெளிகள் சிதையாது. அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண்ணை வெளியிடாதீர்கள்.

மென்பொருள்? வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் உருவான ரெட்கேப் என்ற தரவு சேகரிப்பு மென்பொருள் லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு இலவசம். ஒவ்வொரு மையமும் தன் தரவை மட்டும் பார்க்கும் வசதி, யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம், வரம்பு மீறிய எண்ணைத் தடுக்கும் சோதனை மூன்றும் அதில் உண்டு. வேறு எதை எடுத்தாலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். எக்ஸெல் வேண்டாம், ஒரு நெடுவரிசையை மட்டும் தவறாக வரிசைப்படுத்தினால் நோயாளிகளின் விவரங்கள் கலந்துபோகும், யாருக்கும் தெரியாது.

மென்பொருளைவிட ஒருங்கிணைப்பாளர் முக்கியம். முழுநேரமாக ஒருவர், ஒவ்வொரு மையத்திலும் பெயர் குறிப்பிட்ட ஒரு நர்ஸும் ஒரு மருத்துவரும், அவர்கள் மாறினால் ஏற்க இன்னொருவர். நிகழ்வு நடந்த மூன்று நாளுக்குள் கேஸ் ஷீட், சி.டி.ஜி. தாள், மயக்கவியல் குறிப்பு, ரத்த வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்க வேண்டும். இறப்பு நேர்ந்தால் மூலக் கோப்பு விசாரணைக்குப் போய்ப் பூட்டப்பட்டுவிடும். அதன்பின் மாதக்கணக்கில் கைக்கு வராது. பெரிய ஆய்வுகளில் பத்து சதவீதக் கோப்புகளை மூலத்தோடு சரிபார்ப்பார்கள். உங்கள் எண்ணிக்கைக்கு நூறு சதவீதமும் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

கட்டுரையில் யார் பெயர் வரும், ஒரு மையம் விலகினால் அதன் தரவு என்னாகும், வெளியார் தரவு கேட்டால் யார் முடிவெடுப்பது ஆகியவற்றை முதல் நோயாளிக்கு முன் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தன் தரவை எப்போது வேண்டுமானாலும் பதிவிறக்கும் உரிமை ஒவ்வொரு மையத்துக்கும் இருக்கட்டும். வழிகாட்டும் குழுவில் இந்த நோயிலிருந்து பிழைத்த ஒருவரும் மனைவியையோ மகளையோ இழந்த குடும்பத்தினர் ஒருவரும் உட்காருவது நல்லது. பின்தொடர் கேள்விகளில் எது வலிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பின்தொடர்வது ஆறு வாரம், ஆறு மாதம், ஓராண்டு. குழந்தைக்கு இரண்டு வயதில் வளர்ச்சிப் பரிசோதனை. தொலைபேசி எண் இரண்டு வாங்குங்கள். அழைப்பதற்கு முன் தாயும் குழந்தையும் உயிரோடு இருக்கிறார்களா என்று மருத்துவமனைப் பதிவில் உறுதிசெய்யாமல் ஒருபோதும் எண்ணை அழுத்தக் கூடாது. குழந்தையை இழந்த தாயிடம் 'குழந்தை எப்படி இருக்கிறது' என்று கேட்கும் அழைப்பை எந்த மன்னிப்பாலும் ஆற்ற முடியாது. இந்தச் சரிபார்ப்பை அழைக்கும் திரையிலேயே கட்டாயக் கட்டமாக வையுங்கள்.

ரத்த மாதிரிச் சேமிப்பை முதல் இரண்டு ஆண்டுக்குத் தொடாதீர்கள். அவசரத்தில் சரியான நேரத்தில் எடுப்பது கடினம், குளிர்பதனச் செலவு முழுத் திட்டத்தையும் விழுங்கும்.

கடைசியாக, தரவு வந்தபின் செய்யக் கூடாத ஒன்று. எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் கருவி) வைத்தவர்களில் அதிகம் பேர் பிழைத்தார்கள் என்று பதிவேட்டில் தெரியலாம். எக்மோ வைக்கும் வரை உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அது வைக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் இறந்தவர் 'எக்மோ வைக்காதவர்' கணக்கில் சேர்ந்துவிடுகிறார். கருப்பை அகற்றத்துக்கும் இதுவே. இந்தப் பிழையைத் தவிர்க்க ஒவ்வொரு சிகிச்சையின் தொடக்க நேரமும் வேண்டும். குறிப்பிட்ட நிமிடம் வரை பிழைத்திருந்தவர்களை மட்டும் எடுத்து, அந்த நிமிடத்தில் சிகிச்சை தொடங்கியிருந்ததா இல்லையா என்று பிரித்து, அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தாலும் எக்மோ உள்ள பெரிய மருத்துவமனையின் மற்ற வசதிகளும் சேர்ந்தே கணக்கில் வரும் என்பதால், மையத்தையும் ஒரு காரணியாகக் கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எட்டு மையங்களிடமும் மூன்றே மூன்று கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டின் பிரசவ எண்ணிக்கை, அதே காலத்தின் ரத்த வங்கிப் பட்டியல், பொறுப்பேற்கும் நர்ஸின் பெயர்.